போனுக்கு மீசை முளைத்த ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு நான் சொன்னது எல்லாமே சரி. என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தப்பாகப் பேசி மாட்டிக்கொள்பவனுக்காவது திருந்த வழி உண்டு. சரியாகப் பேசிக்கொண்டே குழியில் போய் விழுகிறவனை என்ன செய்வது? (கட்டி வைத்து உதைக்கலாம் என்பது என் அத்தையின் கருத்து.)

சிவகாசியில், விஸ்வநத்தம் போகும் சாலையில், என் பெரியப்பாவுக்கு இரும்புத் தூள் குடோன் இருக்கிறது. நீங்கள் கம்பி மத்தாப்பைக் கொளுத்தினால் பொறி பறக்கிறதே, அது அப்படிப் பறப்பதற்கு முன்னால் எங்கள் குடோனில் சாக்கு மூட்டைக்குள் அமைதியாகக் கிடக்கும். அங்கே பில் போடுவதும் கம்பெனிகளுக்கு லோடு அனுப்புவதும் என் வேலை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற நினைப்பில் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த நினைப்புக்கு ஏற்றாற்போல ஒரு புதுப் போன் வாங்கினேன். அதற்கு ஒரு கவர். கவரின் முதுகில் வட்டமாகக் காந்தம். வேனில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டை ஒட்டிவைத்து, அதன் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் 'டப்' என்று தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் அந்த 'டப்' சத்தத்துக்காகத்தான் வாங்கினேன். பார்க்கிறவர்கள் முன்னால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒட்டி ஒட்டி எடுத்தேன்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது. "காந்தம் பட்டா போட்டோவெல்லாம் அழிஞ்சிரும்லே" என்றாள் அம்மா. பேட்டரி வெடித்துவிடும் என்றார் பெரியப்பா. (பட்டாசு ஊர்க்காரர். எது கெட்டுப்போனாலும் கடைசியில் அது வெடித்தே ஆக வேண்டும் அவருக்கு.) நான் ஒரு வாரம் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து இருவருக்கும் பாடம் எடுத்தேன். பழைய கம்ப்யூட்டருக்குத்தான் காந்தம் ஆகாது. இந்தக் காலத்துப் போனில் போட்டோ இருக்கிற இடத்தைக் காந்தம் ஒன்றும் செய்யாது. பேட்டரிக்கும் ஒன்றும் ஆகாது. திரைக்கும் ஒன்றும் ஆகாது. எல்லாம் சரியான தகவல்தான்.

ஒரே ஒரு வீடியோவில் மட்டும் ஒருவர், "கவர் மாட்டியிருக்கும்போது திசைகாட்டி கொஞ்சம் தடுமாறும், கழற்றினால் சரியாகிவிடும்" என்று ஆரம்பித்தார். அந்த இடத்தைத் தள்ளி ஓட்டிவிட்டேன். எனக்கு எதற்குத் திசைகாட்டி? சிவகாசியில் கப்பலா ஓட்டப் போகிறேன்?

இதற்கு நடுவில் வளர்மதி. எங்கள் குடோனுக்குத் தினசரிக் காலண்டர் அடிக்கக் கொடுத்திருந்த அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தாள். பிழை பார்க்கப் போன என்னிடம், நான் ஒன்றும் கேட்காமலே, "உங்க பெரியப்பா பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு, நீங்க ரெண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீக" என்றாள். அன்றிலிருந்து அந்த அச்சகத்துக்கு எனக்கு நிறைய வேலை இருந்தது. அத்தையிடம் ஜாடையாகச் சொன்னேன். அத்தை விசாரித்தாள். மல்லாங்கிணற்றுக்கு வெளியே, காட்டுக்குள், மானாவாரி நிலத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிபோன, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடு. பொண்ணு பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் பெண்ணின் அப்பா போட்ட நிபந்தனை. ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்து, வாசலோடு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனதாகவும் அத்தை கேள்விப்பட்டிருந்தாள்.

வளர்மதியைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக நான் யோசித்தே பார்த்ததில்லை.

ஞாயிறு காலை, சீசன் நேரம் என்பதால், ஒரு கம்பெனிக்கு அவசரமாக நாலு மூட்டை அனுப்ப வேண்டியிருந்தது. குடோனுக்குப் போனேன். தூள் சலித்துக்கொண்டிருந்த பேச்சியக்கா என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

"தம்பி, அதை இங்கன கொண்டு வராதீக. வெளியில வச்சிட்டு வாங்க."

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.) "அக்கா, காந்தத்தால போனுக்கு ஒண்ணும் ஆகாது. அதெல்லாம் பழைய கதை. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"போனுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. தூளு சும்மா இருக்கணும்ல?"

இருபது வருடமாக இரும்புத் தூளோடு புழங்கும் ஒரு மனுஷி இதைச் சொல்கிறாள். ஒரு வாரமாக வீடியோ பார்க்கும் நான் அவளுக்குப் பேட்டரியையும் திரையையும் பற்றி விளக்கிக்கொண்டே, போனை வாய் திறந்து கிடந்த மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் பில் எழுதினேன். எழுதி முடித்து எடுத்தபோது போனுக்கு மீசை முளைத்திருந்தது. முதுகில் வட்டமாகத் தாடி, மேலே காதில் வைக்கிற இடத்தில் அரும்பு மீசை, கீழே ஸ்பீக்கர் ஓட்டைகளில் கட்டை மீசை. பேச்சியக்கா சல்லடையை ஆட்டினாள். நான் சட்டையில் துடைத்தேன். அப்புறம், எந்த அறிவாளியும் செய்வதுபோல, வாயால் ஊதினேன். வெளியே இருந்த தூள் உள்ளே போனது. ஸ்பீக்கருக்குள்ளேயே ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது, அது உள்ளே வந்த தூளை விடாது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். மீசை கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவுகட்டினேன்.

ரெண்டரைக்கு வேன் கிளம்பியது. டிரைவர் கருப்பசாமி அண்ணன், பக்கத்தில் நான், பின்னால் அம்மா, அத்தை, பெரியப்பா. பெண் வீட்டிலிருந்து லொகேஷன் அனுப்பியிருந்தார்கள். போனை 'டப்' என்று ஒட்டினேன். மல்லாங்கிணறு தாண்டும்வரை குறையொன்றும் இல்லை. அதன் பிறகு காட்டுப் பாதை. முச்சந்திக்கு முச்சந்தி அத்தை, "நிறுத்தி ஒருதரம் பாத்துக்கிடுங்க" என்பாள், அண்ணன் நிறுத்துவார். வண்டி ஓடும்போது ஒழுங்காக இருந்த அம்பு, நின்றதும் மெதுவாகச் சுற்றி எங்கேயோ திரும்பி நிற்கும். காந்தத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிற போனுக்கு வடக்கு எது, தெற்கு எது என்று எப்படித் தெரியும்? ஆனால் நான் அம்பைத்தான் நம்பினேன். டவரும் விட்டுவிட்டு வந்ததால் அது காட்டிய திசையிலேயே போய்க்கொண்டிருந்தோம்.

டிராக்டரில் வந்த ஒருவர், "அந்தப் புது வீடுதானே? இங்கிட்டுப் போங்க" என்று வலது பக்கம் கையைக் காட்டினார்.

"இல்லண்ணே, இடது பக்கம். செயற்கைக்கோள் சொல்லுது" என்றேன்.

அவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மணி நாலு. சுற்றிலும் கருவேலம், மக்காச்சோளத் தட்டை, கூரை இடிந்த ஒரு பம்ப்செட் அறை. அதே பம்ப்செட் அறையை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறோம். அப்போது போன் அதிர்ந்தது. வளர்மதியின் அப்பா எண். எடுத்தேன். "ஹலோ! ஹலோ மாமா! ஹலோ!" காதில் ஒரு பேச்சுமூச்சு இல்லை. ஸ்பீக்கரைப் போட்டேன். அதுவும் ஊமை. டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் வைத்த பிறகுதான் நாம் போனை வைக்க வேண்டும் என்று அம்மா வளர்த்த மரியாதை எனக்கு உண்டு. அதனால் நானாகக் கட் பண்ணவில்லை, தானாகக் கட் ஆகியிருக்கும் என்று விட்டுவிட்டு, திரும்பவும் மேப்பை வைத்து, 'டப்' என்று ஒட்டினேன்.

கட் ஆகவில்லை. அடைபட்டது ஸ்பீக்கர் மட்டும்தான். நாம் பேசுவதை வாங்குகிற ஓட்டைக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வளர்மதியின் வீட்டு ஹாலில், சொந்தபந்தம் பதினைந்து பேருக்கு நடுவில், அவள் அப்பாவின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. இதை நான் அரைமணி நேரம் கழித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

"என்னலே ஆச்சு?" என்றார் பெரியப்பா.

"லொகேஷன் ஒழுங்கா அனுப்பலை பெரியப்பா. ஒரு லொகேஷன் அனுப்பத் தெரியலை அந்த மனுசனுக்கு! காட்டுக்குள்ள வீட்டைக் கட்டிக்கிட்டு, ராகுகாலம் வேற பாக்குறாரு. மனுசன் வந்து சேர்ற மாதிரி ஒரு எடத்துல கட்டக் கூடாதா?"

"காந்தத்தாலதான் போன் இப்படி ஆயிருக்குமோ?" என்றாள் அத்தை.

உடனே ஆரம்பித்தேன். காந்தத்துக்கும் போனுக்கும் உள்ள உறவு, மக்களின் அறியாமை, அதிலும் குறிப்பாகக் கிராமத்து மக்களின் அறியாமை. பத்து நிமிடம். பம்ப்செட் அறையைச் சுட்டிக்காட்டி, "இந்த இடிஞ்ச பம்ப்செட்டை நாலாவது தடவையா சுத்துறோம், இதுக்கும் காந்தமா காரணம்? அனுப்புனவுக புத்தி" என்று முடித்தேன்.

மணி நாலே கால். வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. திரும்பி அம்மாவைப் பார்த்து, "எம்மா, இந்த எடம் தட்டிப்போச்சுன்னா எனக்கு வேற எடம் பாக்காதீக. எனக்கு அந்தப் பிள்ளைதான் வேணும்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அம்மா என் தோளைத் தட்டினாள். கருப்பசாமி அண்ணன் கண்ணியமாக வெளியே பார்த்தார்.

அடுத்த ஐந்தாவது நிமிடம், தூசியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஸ்கூட்டி வந்தது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகி, தலை நிறையப் பூவோடு ஓட்டி வந்தது வளர்மதி. பார்க்கப்பட வேண்டிய பெண் நம்மைப் பார்க்க வருவதா என்று அத்தை வாயைப் பிளந்தாள்.

"பின்னாடியே வாங்க. பத்து நிமிசந்தான் இருக்கு."

"நாங்க இங்கன இருக்கோம்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"இடிஞ்ச பம்ப்செட்டுன்னு நீங்கதானே சொன்னீக."

"நான் எப்பச் சொன்னேன்?"

அவள் வண்டியைத் திருப்பினாள். டிராக்டர்காரர் கை காட்டிய அதே வலது பக்கம்.

நாலு இருபத்தெட்டுக்கு வாசலில் இறங்கினோம். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வலது காலை எடுத்து வைத்து, இருக்கிற பணிவையெல்லாம் குரலில் கூட்டி, "வணக்கம் மாமா. லொகேஷன் பிரமாதமா அனுப்பியிருந்தீக. ஒரு சிரமமும் இல்ல" என்றேன்.

ஹாலின் நடுவில், பூப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்த போன், என் குரலிலேயே, அரை நொடி கழித்துச் சொன்னது: "வணக்கம் மாமா. லொகேஷன் பிரமாதமா அனுப்பியிருந்தீக. ஒரு சிரமமும் இல்ல."

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தப் போனைப் பார்த்தேன். புரிந்தது. இதற்குப் பதில் அது உண்மையிலேயே வெடித்திருக்கலாம் என்று தோன்றியது. பெரியப்பா பக்கம் திரும்பவே இல்லை நான்.

"லொகேஷன் அனுப்புனது நான் இல்ல தம்பி. எம் மக" என்றார் வளர்மதியின் அப்பா. "உக்காருங்க."

அவள் வந்து கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். முதலில் அழைப்பைக் கட் பண்ணினாள். அப்புறம் திசைகாட்டியைத் திறந்தாள். அவர்கள் வீட்டு அடுப்படி வடக்கே இருப்பதாகக் காட்டியது. கவரைக் கழற்றி, போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல ஆட்டினாள். முள் நிதானமாகச் சுற்றி வாசல் பக்கம் போய் நின்றது. பிறகு ஸ்பீக்கரை வெளிச்சத்தில் பிடித்து, மறைந்திருந்த மீசையைக் கண்டுபிடித்து, ஒரு பழைய டூத் பிரஷும் டேப்பும் கொண்டுவரச் சொன்னாள்.

"நீங்க சொன்னது அம்புட்டும் சரிதான். காந்தம் போனைக் கெடுக்காது" என்றாள், டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்துக்கொண்டே. "அதை எங்கன கொண்டுபோய் வச்சீகன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கடைசியா அம்மாகிட்ட ஒண்ணு சொன்னீகளே. அது, போன் கட் ஆயிருச்சுன்னு நெனச்சுச் சொன்னதா? ஆகலைன்னு தெரிஞ்சு சொன்னதா?"

தலையைக் குனிந்துகொண்டு, "கட் ஆயிருச்சுன்னு நெனச்சுத்தான் மாமா" என்றேன்.

"அப்பச் சரி" என்று உள்ளே திரும்பி, "ஏம்மா, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டாங்க" என்றார்.

மூன்று வருடமாகிறது. அந்தக் கவர் இப்போது எங்கள் வீட்டு பீரோ கதவில், மின்சார அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது. பேச்சியக்கா என்னைப் பார்த்தால் இன்றும் முதலில் என் கையைத்தான் பார்ப்பாள். இரண்டு குடும்பத்திலும் யாராவது யாரைப் பற்றியாவது குறை பேச வாயெடுத்தால், பக்கத்தில் இருப்பவர், "மொதல்ல போன் கட் ஆயிருச்சான்னு பாருங்க" என்பார். மாமனார் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

குறை பேசுவதையாவது நிறுத்திவிடலாம். பாராட்டவும் வழியில்லை. சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட, வளர்மதி கரண்டியை அப்படியே நிறுத்தி, "போன் கட் ஆயிருச்சுன்னு நெனச்சுச் சொல்றீகளா, ஆகலைன்னு தெரிஞ்சு சொல்றீகளா?" என்று கேட்கிறாள்.

நான் சாப்பிட்ட கையோடு அவசரமாகப் போனை எடுத்துப் பார்க்கிறேன்.