மான் வேட்டைக்கு ரெடியாகிறவர்

ஒரு காரியத்தைச் செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில், செய்வதற்கு ரெடியாகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. கடிதம் எழுத உட்கார்ந்தால் பிள்ளையார் சுழியை மட்டும் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டிருப்பார். சுழி சரியாக வரவில்லையாம். பிள்ளையார் பொறுமைசாலி, ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவு பொறுமையை எந்தச் சாமி கொடுக்கும்?

வடக்கே, எங்கள் கராடி அடுக்குமாடி சொசைட்டியில் எட்டாவது மாடி சாய்கிருஷ்ணா இந்த இனத்தில் நன்றாக முற்றியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீச்சலுக்கு ரெடியானார். கண்ணாடி வந்தது, தொப்பி வந்தது, காதை அடைக்கிற ரப்பர் வந்தது. தண்ணீர் மட்டும் அவரைப் பார்க்கவில்லை. அப்புறம் கிதார். அதற்கு உறை தைத்து, சுவரில் ஆணி அடித்து, விரலில் காய்ப்பு ஏற எண்ணெய் தேய்த்து, கடைசியில் பூனை அதன்மேல் குதித்த அன்றுதான் அந்த வீட்டில் சங்கீதம் கேட்டது.

போன ஜூனில் இவருடைய அமெரிக்க மேனேஜர் கேரி என்பவர் போனில் கூப்பிட்டார். நவம்பர் கடைசியில், மொண்டானா மலையில், வேட்டை சீசன் முடிகிற நேரத்தில் எல்க் தேடிப் போகப்போகிறேன், நீயும் வா என்றார். எல்க் என்பது மான்தான். நம் ஊர் காளையைவிட உயரம், தலையில் ஒரு மரமே முளைத்த மாதிரி கொம்பு. சுடப்போவது கேரி. இவர் அவருக்குப் பின்னால் நடக்கணும், ஈரப் பனியில் சத்தம் போடாமல் உட்காரணும், கறியைச் சுமந்துகொண்டு இறங்கணும். சாய்கிருஷ்ணாவோ முட்டை போட்ட கேக்கையே விசாரித்துவிட்டுத்தான் தொடுவார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். பத்து நாள் லீவு கிடைத்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அன்றைக்கே அவர் மனைவி வைஷு கறாராகச் சொல்லிவிட்டாள். "என்னங்க, நீச்சலும் போச்சு, கிதாரும் போச்சு. இதுக்காவது போயிட்டு வந்துடுங்க. இல்லேன்னா 'ரெடியாகறேன்'ங்கிற வார்த்தை இனிமே இந்த வீட்டுல கேக்கவே கூடாது."

"இந்தத் தடவை நிச்சயம் போறேன் வைஷு. ஆனா சும்மா போக முடியாதில்ல. ரெடியாகணும்."

அவர் ரெடியான அழகை என்னவென்று சொல்வது? ஆடி மாத மழையில் மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டி ஓரமாக இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். மான் தன்னைப் பார்க்காமல் இருக்கப் பழக்கமாம். மான் பார்த்ததோ இல்லையோ, எதிர்க்கட்டடத்துக்காரர்கள் பார்த்துவிட்டு வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்கள். அவர் குடையோடு மூச்சிரைக்க ஏறிவந்து, "சாப், கர் மே ஜகடா ஹுவா க்யா?" என்று வீட்டுச் சண்டையை விசாரித்து, கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தார்.

இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் மாடி ஏறினார். மானின் தொடை என்று பாவனை. வீட்டு வேலைக்கு கட்கித் தமிழர் குடியிருப்பிலிருந்து வருகிற பவுன் ஒருநாள் படியில் அவரைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார், மான் எட்டாவது மாடிலயா இருக்குது? லிஃப்ட் ஓடுதே."

"சுமையோட மலை ஏறி இறங்கப் பழகணும் பவுன். அதுவும் கம்பளி போட்டே பழகணும். அங்கே பருத்தித் துணி போட்டா ஈரத்துல உயிரே போயிடும், தெரியுமா?"

"நாப்பது வருசமா பருத்திப் பொடவைதான் கட்டறேன். இன்னும் போவல சார்."

புதுப் பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டுமென்று அதோடு கோயிலுக்கே வந்தார். கிருத்திகை அன்று வாசலில் உட்கார்ந்து ஒரு காலின் கயிற்றை அவிழ்க்கும்போது மணி அடித்தது, அடுத்த காலை அவிழ்க்கும்போது தீபாராதனை முடிந்துவிட்டது. விபூதி மட்டும் கிடைத்தது. முருகனே வேடனாக வேஷம் போட்டவன்தான். ஆனால் நேரே வள்ளியிடம் போனானே தவிர, வேஷத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டே இருக்கவில்லை. அந்த வள்ளியும் மான் வயிற்றில் பிறந்தவள் என்பார்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ரெடியாகிறவருக்கு இன்னொரு யோசனையைக் கொடுப்பது பாவம்.

கடைசியில் வாசனைக்கு வந்து நின்றார். மனுஷ வாடை அடித்தால் எல்க் ஒரு மைல் தள்ளியே ஓடிவிடுமாம். ஆகையால் வேட்டைத் துணியை எல்லாம் வாசனையில்லாத சோப்பில் அலசி, காட்டு வாசனை ஏற, சொசைட்டித் தோட்டத்துச் சருகும் மண்ணும் போட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடிவைத்தார். அந்த வருஷம் தீபாவளி கழிந்தும் மழை விடவில்லை. பவுன் பெட்டியைத் திறந்தாள். பூஞ்சை. புழு. நல்ல கம்பளித் துணி இப்படியா கிடக்கும் என்று வயிறு எரிந்து, ரோஜா வாசனைப் பவுடர் போட்டுத் துவைத்தாள். மூன்று நாளாகியும் காயவில்லை. ஈரத்துணிக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? கூடையைக் கவிழ்த்து, அடியில் சாம்பிராணி போட்டு, குழந்தைத் துணிக்குக் காட்டுகிற மாதிரி புகை காட்டி, மடித்துப் பீரோவில் வைத்தாள்.

விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சாய்கிருஷ்ணா பீரோவைத் திறந்தார். ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தார்.

"பவுன், இந்த வாசனைக்கு மான் வருமா?"

"சாமியே வருது சார், மான் வராதா?"

மறுபடி துவைக்க நாள் இல்லை, துவைத்தாலும் காயாது என்றார். "சாதா ஸ்வெட்டர் போட்டுட்டுப் போங்க" என்றாள் வைஷு. அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதை அவள் பார்த்தாள். ரெடியாகிறவருக்குக் காரணம் கிடைப்பதும் பக்தனுக்குத் தரிசனம் கிடைப்பதும் ஒன்று.

"அரைகுறையாப் போறது தப்பு வைஷு. அடுத்த சீசன்ல முறையாப் போறேன்."

கேரிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். கேரி சொன்னதை வைஷு பக்கத்தில் நின்று கேட்டாள்: நல்லவேளை நீயே சொன்னாய். என் கூடாரத்துக்குச் சரியான ஆணி இன்னும் வரவில்லை. ஏழு வருஷமாக இந்த சீசன் கடைசி வேட்டைக்கு ரெடியாகிக்கொண்டிருக்கிறேன், அடுத்த வருஷம் இரண்டு பேரும் ஒழுங்காகப் போவோம்.

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஆணியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார்கள். அங்கே மலையில் ஒரு மான், யாரால் பிழைத்தோம் என்று தெரியாமலே புல் மேய்ந்துகொண்டிருக்கும்.

வைஷு சண்டை போடவில்லை. "லீவு பத்து நாள் இருக்குல்ல. பழனிக்குப் போகலாம், வேண்டுதல் பாக்கி" என்றாள்.

"பழனிக்கா? போலாமே. படி எத்தனைன்னு பாக்கணும், முழங்காலுக்குப் பட்டை வாங்கணும். ஒரு லிஸ்ட் போட்டுடறேன்."

அவர் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள், வைஷு இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு பவுனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள். ரிசர்வேஷன் இல்லை. அண்டர்வேர் காயவில்லை, தாலிக்கயிறு பழசு, குடை ரிப்பேர். மூன்றாம் நாள் மலைமேல் நின்று மொட்டைத் தலையோடு போட்டோ அனுப்பினாள். சாய்கிருஷ்ணா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பாவம் மனுஷன் என்று தோன்றும். இருக்கட்டும். நீங்கள் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நெடுநாளாகச் செய்ய நினைத்த ஒன்றை, முதலில் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிடலாம், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று ஓரமாக வைத்திருக்கிறீர்களா?

இதோ, படித்து முடித்துவிட்டீர்கள்.