துபாய்க்குப் போய் வந்த கோட்டு

விமானத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்தியாவிலேயே கோட்டு பாய்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இன்றைக்கு அரை டிரவுசரும் ரப்பர் செருப்புமாக ஏறிக் குறட்டை விடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சுவலியே வந்திருக்கும்.

எண்பதுகளில் எனக்கு மாட்டுங்காவில் குமாஸ்தா வேலை, குடியிருப்பு தாராவி. எங்கள் சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரே மகள் மும்தாஜ் கல்யாணமாகித் துபாயில் இருந்தாள். அவளைப் பார்க்கப் போவதற்கென்றே வெள்ளிப் பொத்தான் வைத்த கருநீலக் கோட்டு ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்.

"பிளேன்ல ஏறுதவன் மாப்பிள்ள கணக்கா ஏறணும்ல. அது என்ன தாதர் லோக்கல் ரயிலா, தொங்கிக்கிட்டுப் போவ?"

ஆனால் கோட்டு போட்டு முதலில் பறந்தவன் பட்டறையில் தைத்துக்கொண்டிருந்த டேனியல். துபாயில் வேலை கிடைத்துக் கசங்கிய சட்டையோடு புறப்பட்டவனைப் பார்க்கப் பொறுக்காமல் பாய் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். டேனியல் நல்ல பருமன், பொத்தான் எட்டவில்லை. வயிற்றை எக்கச் சொல்லிப் பூட்டிவிட்டு, "துபாய் வரைக்கும் மூச்ச விடாதல!" என்று அனுப்பிவைத்தார். ஊருக்கு வருகிற யாரிடமாவது கோட்டைக் கொடுத்தனுப்ப வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

பிறகு சந்திலிருந்து வளைகுடா போன எல்லோரும் அந்தக் கோட்டில்தான் போனார்கள். மஸ்கட், குவைத், ஷார்ஜா என்று அது சுற்றாத இடமில்லை. திரும்பி வரும்போது பாக்கெட்டில் விமானத்துச் சர்க்கரைப் பொட்டலமும் மணக்கும் ஈரக் காகிதமும் இருக்கும். அந்த ஒரு காகிதத்தில் பட்டறை முழுக்க முகம் துடைத்துக்கொள்ளும். ஒருமுறை மார்பில் பெரிய கறையோடு வந்தது.

"எவம்ல கொழம்பக் கொட்டுனது?"

போட்டுக்கொண்டு வந்த ஆறுமுகம் கதவோரம் ஒதுங்கினான். "பிளேன்ல குடுத்த கோழிக் கொழம்பு பாய். ஒரு ஆட்டம் ஆடிச்சு பாருங்க..."

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "பிளேன் கொழம்பா? அப்ப தொவைக்கக் கூடாது."

இதற்குள் மும்தாஜுக்குக் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. மருமகன் டிக்கெட் அனுப்புவதாக எழுதும்போதெல்லாம் "கோட்டு வரட்டும்" என்பார். கோட்டு வரும். கூடவே விசா வந்த பையன் ஒருவன் வாசலில் நிற்பான். "அவன் பொழைக்கப் போறான். நான் சும்மா பாக்கத்தான?" என்று கொடுத்துவிட்டு, பேரனின் போட்டோவைத் தையல் மிஷினில் சாய்த்து வைத்துப் பார்த்துப் பார்த்துத் தைப்பார். எங்களுக்கே ஆத்திரமாக வரும்.

ஒருநாள் டேனியல் விடுமுறையில் வந்தான், வெறும் சட்டையோடு.

"கோட்டு எங்கல?"

"கடைசியாப் போட்டுட்டு வந்த பையன் எங்கிட்டதான் குடுத்துவிட்டான் பாய். சொல்லிட்டு வரப் போனேன், ஒங்க மவ பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டாவ. வாப்பாவே வந்து வாங்கிக்கிடட்டும்னு சொல்லிட்டாவ."

"யா அல்லா! அடுத்த மாசம் நம்ம பட்டறை முருகன் போவணுமேல!"

"அப்ப நீங்கதான் போய் எடுத்துட்டு வரணும்."

"கோட்டு இல்லாம ஏறச் சொல்லுதியா?" என்று கேட்டார் பாய்.

இரண்டு நாள் டேனியலைத் திட்டித் தீர்த்தார். பிறகு மருமகன் அனுப்பிய டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். வழியனுப்பச் சந்தே டெம்போவில் ஏறி சஹார் விமான நிலையத்துக்கு வந்தது. பாய்க்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். கையில் பேரனுக்குத் தைத்த குட்டித் தோல் செருப்பு. டை கட்டியவர்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, பிளேன்காரவ ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாவளே?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் முருகன் முதுகைப் பிடித்துத் தள்ளினான். "போங்க பாய், எனக்குக் கோட்டு வேணும்!"

அவனுக்காகத்தான் போவதுபோல வேகமாக உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த வெள்ளைச் சட்டை மறையும்வரை நின்றோம். இத்தனை வருஷமும் அவரை மும்தாஜிடமிருந்து நாங்கள்தான் இரவல் வாங்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.