மணிவேலின் கடலும் என் மனைவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குன்னத்திலிருந்து சந்தாதாரர் வைத்திலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி அம்சவள்ளியும் நலம். மூன்று ஏக்கர் பருத்தி மட்டும் மழை இல்லாமல் நலமில்லை. தாங்களும் அச்சகத்தாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடல் சிறப்பிதழ் கிடைத்தது. கடலை அம்மா என்று பதினோரு பேரும், காதலி என்று ஒன்பது பேரும், எமன் என்று நாலு பேரும் எழுதியிருக்கிறார்கள். கடற்கரையில் பிறந்தவர்கள் எழுதட்டும், எனக்கு அதில் சண்டையில்லை. கடலுக்குப் போன புருஷனுக்குச் சோறு எடுத்துவைத்துக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றிய கவிதையில் நானே கண்கலங்கினேன். ஆனால் மணிவேல்? வாலிகண்டபுரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர், 'உப்புத் தண்ணீரே, என் தாய்ப்பாலே' என்று எழுத, அதைத் தாங்கள் முதல் பக்கத்தில் போடுவதா? அவரைப் பெற்ற பெரியம்மாள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? எங்கள் பக்கம் பள்ளம் தோண்டினால் கல்லாய்ப்போன சிப்பி வருகிறது. கடல் எங்களை விட்டுப் போய்க் கோடிக்கணக்கான வருஷமாகிறது, ஒரு கவிஞராவது ஏன் என்று கேட்டாரா? நான் கேட்டு எழுதினேன். 'அனுபவம் போதவில்லை' என்று திருப்பி அனுப்பினீர்கள். மணிவேலுக்கு மட்டும் எந்த மோட்டாரிலிருந்து அனுபவம் வந்தது?

பொறாமை என்று நினைக்காதீர்கள். சரி, பொறாமைதான். அம்சவள்ளி அவர் கவிதையைக் கத்தரித்துப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். என் கவிதையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. "கடலு நெசமாவே இப்படித்தான் இருக்குமாங்க?" என்று தினமும் கேட்டாள். மணிவேலின் புளுகை உடைக்கத்தான் போன மாதம் அரியலூர், ஜெயங்கொண்டம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று பஸ் மாறி மாறித் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனேன், ஜெயங்கொண்டத்தில் குடையைத் தொலைத்தேன், கும்பகோணத்தில் என் சட்டையில் காபி கொட்டியது, கடைசியில் கடல் வந்தது சார், பார்த்ததும் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மூணு போர்வெல் போட்டு எண்ணூறு அடியிலும் புழுதியைப் பார்த்தவன் நான், இங்கே கேட்பாரில்லாமல் இம்புட்டுத் தண்ணி கெடக்கு! போர்த் தண்ணியைப் பார்க்கிற பழக்கத்தில் ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம், "இங்க எத்தனை அடியில தண்ணிங்க?" என்று கேட்டேன். என் காலைப் பார்த்தார். "நீ நிக்கிற அடியிலதான்யா" என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அலை வந்து காலைத் தொட்டதும் அம்சவள்ளி சிரித்தாள் பாருங்கள், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அப்படி ஒரு நாள் சிரித்ததில்லை. திரும்பி நின்று, "மணிவேல் அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றாள். அண்ணன் என்றாளே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன், ஆனால் கடலை அவள் அண்ணன் என்று சொல்லவில்லையே.

ஆகவே மணிவேலின் கவிதைகளை இனிமேல் போடக்கூடாது. போடுவதானால் என் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடவும்.

தங்கள் இதழும் குடும்பமும் குறைவின்றித் தழைக்க வாழ்த்தும்,
கு. வைத்திலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தபால்காரர் தங்கள் கடிதத்தைத் தந்தார். அம்சவள்ளி பேருக்கு! அடுத்த இதழில் அவள் கவிதை வருகிறதாமே. தங்கச்சிக்கு எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, அவள் தந்த உறையை விலாசம்கூடப் பார்க்காமல் தபால் பெட்டியில் போட்டவன் நான்தான். மணிவேலாவது வாலிகண்டபுரத்தில் இருக்கிறார், இவள் என் வூட்டுக்குள்ளேயே இருக்கிறாள் சார்! நோட்டை வாங்கிப் படித்தேன். ஆறே வரி. அலை இல்லை, நுரை இல்லை. 'கடலுக்கு முதுகு காட்டி, என் செருப்புக்குக் காவல் நின்றவன்' என்று முடிகிறது. "யாரு இது?" என்று கேட்டேன். "அன்னிக்கு என்கூட மணிவேல் அண்ணனா வந்தாரு?" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். சந்தாவை நிறுத்த வேண்டாம். மணிவேலும் எழுதட்டும், பாவம். அந்தக் 'காவல் நின்றவன்' குன்னம் வைத்திலிங்கம் என்று மட்டும் அடியில் பொடி எழுத்திலாவது போட்டுவிடுங்கள்.