அப்பாவைத் தேற்றப் பிளவக்கல் போன கதை

துக்கத்தில் இருக்கிறவரை எங்காவது வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போனால் தேறிவிடுவார் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். "ஒரு சேஞ்ச் வேணும்" என்பார்கள். சொல்லும்போதே கையில் போனை எடுத்து ரூம் தேட ஆரம்பித்திருப்பார்கள். அவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் நானே அவர்களுக்குத் தலைவியாக இருந்திருக்கிறேன்.

அம்மா ஒரு பங்குனி மாதம் இறந்துபோனார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அப்பா மட்டும் மிஞ்சினார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். அம்மா போன பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. டி.வி. ஓடும், சத்தம் இருக்காது. சாப்பாட்டை அடுப்பு மேடை பக்கத்திலேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவார். ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வாருங்கள் என்றால், "அங்க வந்து என்ன பண்ண, இங்க என்ன பண்ணல" என்பார்.

ஐப்பசியில் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. அதுவும் நாற்பதாவது. அந்த நாளில் அப்பா அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. வத்திராயிருப்பு தாண்டி, பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு விடுதி. கூடாரம், ஓடைக் குளியல், கயிற்றில் தொங்கியபடி தோப்பைக் கடக்கும் விளையாட்டு, சாயங்காலம் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவது என்று எல்லாம் உண்டாம். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போனால் அப்பாவும் சிரிப்பார் என்று முடிவு கட்டினேன். (மில் ஆபீசில் பதினைந்து வருஷம் கணக்குப் பார்த்தவளின் தர்க்கம் இது. அந்த மில் இன்னும் மூடாமல் ஓடுவது அதன் அதிர்ஷ்டம்.)

வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினேன். அதில் நான், பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி செந்தில், செட்டியார்பட்டியில் இருக்கும் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அத்தைக்கு டைப் பண்ண வராது, குரல் பதிவாகத்தான் அனுப்புவார். ஒவ்வொன்றும் ஊர்க்கூட்டத் தீர்மானம் மாதிரி நீளமாக இருக்கும்.

"ஏட்டி, அங்க யானை வருமாமே?"

"அதெல்லாம் வராது அத்தை."

"யானையும் வராட்டி, பொறவு எதுக்கு அம்புட்டுத் தூரம் போணும்?"

செந்திலுக்கு ஒரே ஒரு கேள்விதான். "வைஃபை இருக்காக்கா?"

"மலை இருக்குடா."

"மலைல வைஃபை இருக்கா?"

மாமா, அதாவது அத்தையின் கணவர், கோழிகளை விட்டுவிட்டு வரவே முடியாது என்றுவிட்டார். என் வீட்டுக்காரர் ஷிப்டைக் காரணம் காட்டித் தப்பித்தார். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டென்ட்லயா படுக்கணும்?"

"ஆமாப்பா. நல்லாருக்கும்."

"இருபத்திரண்டு வருஷம் டென்ட்ல படுத்தேன் பாப்பா. இனிமே படுக்க வேண்டாம்னுதான் பென்ஷன் குடுத்து அனுப்புனாங்க."

இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. உடனே கூடாரத்தை விட்டுவிட்டு ஓட்டு வீடு மாதிரி இருந்த அறைகளுக்கு மாற்றினேன். அப்பா, "சரி, ஒனக்கு ஆசைன்னா வாரேன்" என்றார். யாருக்காக யார் போகிறோம் என்பது அந்த இடத்திலேயே குழம்பிப்போனது.

அறையை உறுதி செய்ய ஆபீசிலிருந்து விடுதி மேனேஜருக்குப் போன் செய்தேன். என் நாசம் அந்தப் போனில்தான் ஆரம்பித்தது.

"என்ன விசேஷமா வாரீங்க மேடம்?"

"அப்பா அம்மா கல்யாண நாள்."

பொய் இல்லையே. உண்மைதான்.

"அடடா, வாழ்த்துக்கள் மேடம்! எத்தனாவது வருஷம்?"

"நாப்பது."

"சூப்பர் மேடம்! பேரு சொல்லுங்க ரெண்டு பேருக்கும்."

ரூம் பதிவு செய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சுந்தரம், பாக்கியலட்சுமி என்று சொன்னேன். அப்போதே "அம்மா இல்லைங்க" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன். எதிர் மேஜைக்காரம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவருவார். "சரிங்க, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் நினைத்ததோடு சரி.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்தே மூட்டம். செந்தில் காரை ஓட்டினான். செட்டியார்பட்டியில் அத்தையை ஏற்றிக்கொண்டோம். அத்தை அரக்கு நிறப் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு வந்து ஏறினார்.

"காட்டுக்குப் போறதுக்கு எதுக்கு அத்தை பட்டுச்சேலை?"

"நாலு பேரு வார எடம்னு நீதான சொன்ன?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வாசலில் தயாராக நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான் வாங்கிக் கொடுத்திருந்த தொப்பியும், முழங்காலில் பை வைத்த கால்சட்டையும் கையில் கவரோடு இருந்தன. "கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவானான்னு கேளு" என்று என்னிடம் கொடுத்தார். கான்சாபுரம் வயல்களைத் தாண்டும்போது தூறல் ஆரம்பித்தது. அத்தை மட்டும் மலையைப் பார்த்தபடி யானைக்காகக் காத்திருந்தார்.

விடுதி வாசலில் கார் நின்றதும் ஒலிபெருக்கியில் ஒரு காதல் பாட்டு அலறியது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வேறு யாருக்கோ விசேஷம் என்று நினைத்தேன். தாடி வைத்த மேனேஜர் குடையோடு ஓடிவந்தார். பின்னாலேயே இரண்டு பெண்கள் தட்டில் பூவோடு வந்து எங்கள் தலையில் தூவினார்கள். மேனேஜர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், பட்டுச் சேலையில் ஒரு பெரியம்மா, பின்னால் ஒரு மகள், ஒரு மகன். அவர் போட்ட கணக்கில் யார் குற்றம் சொல்ல முடியும்? ஒரு சம்பங்கி மாலையை அத்தையின் கையில் கொடுத்தார்.

"அய்யாவுக்குப் போடுங்கம்மா."

பாட்டுச் சத்தத்தில் அத்தைக்கு அரையும் குறையுமாகத்தான் கேட்டது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் மாலை போடுகிற இடம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "மரியாதை தெரிஞ்ச பயலுவ" என்று சொல்லிக்கொண்டே, தன் தம்பியான அப்பாவின் கழுத்தில் மாலையைப் போட்டார். இன்னொரு மாலையை மேனேஜர் அப்பா கையில் திணிக்க, அப்பா உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய் மாதிரி அதைத் தன் அக்கா கழுத்தில் போட்டார். பளிச் பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

உள்ளே, மாமரத்தடியில் மழை ஒழுகும் ஒரு துணிப் பந்தல். ஜரிகைத் துணி போர்த்திய இரண்டு நாற்காலிகள். நடுவில் கேக். பின்னால் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய தங்க நிற எழுத்துக்களில் அப்பா பெயர், ஒரு இதயம், அம்மா பெயர். மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா இணைபிரியாம வாழ்ந்துக்கிட்டிருக்கிற நம்ம சுந்தரம் அய்யா, பாக்கியலட்சுமி அம்மா! எல்லாரும் கைதட்டுங்க!"

வேறு அறைகளில் தங்கியிருந்தவர்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். அதற்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்த அத்தை, முதுகில் தேள் கொட்டியது போல எழுந்தார்.

"ஏலே! யாரை யாருன்னு சொல்லுத? நான் இவன் கூடப் பொறந்த அக்கா லே!"

பாட்டை நிறுத்தினார்கள். கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்து கேட்டார். தோப்பு முழுக்க அந்தக் கேள்வி எதிரொலித்தது.

"அப்ப அம்மா பின்னாடி வண்டில வாராங்களா சார்?"

செந்தில் என்னைப் பார்த்தான். அத்தை என்னைப் பார்த்தார். இப்போதாவது அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பா முந்திக்கொண்டார்.

"இல்ல தம்பி. அவ வரல."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் அந்த எழுத்துக்களைப் பிய்க்கப் போனார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். மாலையோடு கிட்டே போய் அம்மாவின் பெயரை நிதானமாகப் படித்தார்.

"லெட்சுமின்னு போட்டிருக்கீங்க. அவ லட்சுமின்னுதான் எழுதுவா."

பிறகு திரும்பி, "கேக்கை வெட்டிருங்கப்பா. நனையுது" என்றார். நாங்கள் நால்வரும் மழையில் நின்றபடி நனைந்த கேக்கைச் சாப்பிட்டோம். மேனேஜருக்கும் ஒரு துண்டு கொடுத்தார் அப்பா. அவர் அழுதுகொண்டே தின்றார். வாழ்க்கையில் இப்படி ஒரு கேக்கை நான் தின்றதில்லை. இழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

அதற்குப் பிறகும் எதுவும் உருப்படவில்லை. ஓடையில் தண்ணீர் கூடுதலாக வருகிறது என்று குளிக்க விடவில்லை. கயிற்று விளையாட்டை மழைக்காக நிறுத்திவிட்டார்கள். விறகெல்லாம் ஈரம், நெருப்பும் கிடையாது. வைஃபை கிடைக்காத செந்தில் போர்வைக்குள் போனான். அத்தை மட்டும் அறைக்குள் விடாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் வெளியே வந்தேன். வராந்தாவில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அணைப் பக்கம் மழை வெள்ளைத் திரையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, நான் போன்லயே சொல்லியிருக்கணும். வாய் வரல."



"அந்தப் பையன் மைக்கில அவ பேரைச் சொன்னான்ல?"

"ஆமாப்பா."

"மலைல பட்டு ரெண்டாந்தரமும் கேட்டுச்சு. நீ கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை.

"வீட்ல யாரும் அவ பேரையே எடுக்க மாட்டேங்கீங்க. நீ சொல்லல, தம்பி சொல்லல. வாரவுகளும் சாப்டியா தூங்குனியாங்கிறதோட போயிருதாங்க. எம்புட்டு நாளாச்சு, ஒருத்தர் வாயால அதைக் கேட்டு."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா இங்க வந்திருந்தா என்னப்பா சொல்லியிருப்பாக?" என்று கேட்டேன். "கொசுன்னு சொல்லியிருப்பா" என்றார். மறுநாள் காலையில் கிளம்பி வந்துவிட்டோம். அப்பா பழைய மாதிரியே டி.வி. சத்தத்தை அடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். தேறினார் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். அந்த வாரமே, மாலை மாற்றிய போட்டோவை விடுதிக்காரர்கள் தங்கள் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். போட்டது மேனேஜர் இல்லை, படம் எடுத்த ஆள். அவருக்கு விஷயமே தெரியாது. 'நாற்பது ஆண்டு காதல்! எங்கள் இனிய தம்பதியர்' என்று எழுதி, சுற்றிலும் இதயங்கள். எடுத்துவிடச் சொல்லி நான் போன் செய்தபோது அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது.

செட்டியார்பட்டியில் மாமா முடிவெட்டப் போன இடத்தில் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்து அத்தையிடம், "இங்க கோழிக்குத் தீனி வைக்க நான், அங்க மாலை போட அவனா?" என்று கேட்டாராம். அத்தை ஒரு வாரம் எனக்குக் குரல் பதிவு அனுப்பவில்லை. பிறகு அனுப்பியதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

இப்போதும் ஐப்பசியில் அந்த நாள் வந்தால் நான் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன். அப்பாவை எங்கும் கூட்டிக்கொண்டு போவதில்லை. அன்றைக்கு அவர் போன் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்குப் பிடிக்காது. எடுக்க மாட்டார். மாமாவின் போன் வந்தால் மட்டும் எடுப்பார்.

"மாப்ள, மண நாள் வாழ்த்து. என் சம்சாரத்தை நல்லபடியா வச்சிருக்கீயளா?"

அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

"எங்க அத்தான், அவிய நம்ம பேச்சைக் கேக்காவ?"

அந்தப் பக்கம் அத்தையின் குரல் வெடிக்கும். மாமாவை, அப்பாவை, என்னை, என் ஆபீஸை, அந்தத் தாடிக்காரரை என்று வரிசையாக வரும். அப்பா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.