மூக்கால் குடிப்பவர்

வாயால் குடிப்பவர்களைப் பற்றி ஊரே பேசித் தீர்த்தாகிவிட்டது. நான் சொல்ல வந்தது மூக்கால் குடிப்பவரைப் பற்றி. இவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. சத்தம் போடமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார், ஒரு பெக்கைத் தாண்டமாட்டார். ஆனால் அந்த ஒரு பெக்கை உங்களைக் குடிக்கவும் விடமாட்டார்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்கப் பிறர் வாய்க்கருகே மூக்கை வைத்துப் பிழைக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் வைத்து ஆறுதல் தேடினால் யார் குறை சொல்ல முடியும்? ஊற்றுவார், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், சுழற்றுவார், கண்ணை மூடுவார், இந்த நாசி, அந்த நாசி என்று முறைவைத்து முகர்வார், “ஆகா” என்பார். தாகத்தோடு வந்த விருந்தாளிக்கு அதற்குள் பாதித் தலை நரைத்துவிடும்.

அன்று சாயங்காலம் புதுப் பாட்டில் வந்திருந்தது. ஷெர்ரி ஒயின் ஊறிய மரப்பீப்பாயில் பல வருஷம் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி. உலர்திராட்சை, ஆரஞ்சுத்தோல், பட்டை, கிராம்பு என்று பண்டிகைக் காலத்துச் சுவையெல்லாம் அதற்குள் இருப்பதாகப் பெட்டியில் போட்டிருந்தது. விருந்தாளிகள் மூன்று பேர்: டாக்டருடைய மனைவியின் அண்ணன், மாடிவீட்டு ஆடிட்டர், நான். அண்ணனுக்கு மறுநாள் கல்யாண வெள்ளிவிழா. அவருக்குத் தெரியாமல் தங்கை ஓவனில் ஒரு கேக்கை வைத்திருந்தார். கடைக்குக் கிளம்பும்போது கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

“என்னங்க, உங்க போன்ல அலாரம் வச்சிருக்கேன். அடிச்சதும் ஓவனை அணைச்சிடுங்க. மறந்துடாதீங்க.”

“நீ நிம்மதியா போயிட்டு வாம்மா.”

வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனை அணைத்துப் போட்டார். சத்தம் இருந்தால் மூக்கு வேலை செய்யாதாம்.

“யாரும் குடிச்சிடாதீங்க. முதல்ல மோந்து பாருங்க. என்ன தெரியுது?”

மச்சான் மோந்தார். “விஸ்கி வாசனை தெரியுது, மாப்ள.”

டாக்டர் சிரித்தார், பல்லைப் பிடுங்குமுன் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. “அவசரப்படாதீங்க மச்சான். உள்ள போங்க. திராட்சை வருதா?”

கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே வந்தது! முதலில் ஆடிட்டருக்கு. “டாக்டர், திராட்சை! அய்யய்யோ, ஆரஞ்சும் வருதே!” வரிக் கணக்கைத் தவிர எதற்கும் உணர்ச்சிவசப்படாத மனிதர், நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மச்சானுக்குப் பட்டை வந்தது. எனக்குக் கிராம்பு. டாக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூக்கில்லாத ஜனங்களுக்கு நடுவே இத்தனை காலம் தனியாக வாழ்ந்தவருக்கு ஒரே சாயங்காலத்தில் மூன்று சீடர்கள்.

“இப்ப வெண்ணெய் வருது மாப்ள! சீனி உருகுற மாதிரிகூட…”

“அதுதான் பீப்பாய்!”

“லேசா புகையும்…” என்று இழுத்தார் ஆடிட்டர்.

டாக்டர் தயங்கினார். இந்த விஸ்கியில் புகைக்கு வேலையே இல்லை. ஆனால் சீடனுக்குத் தெரிந்தது குருவுக்குத் தெரியவில்லை என்றால் என்ன மரியாதை? மூக்கை இன்னும் ஆழமாக நுழைத்தார். “இருக்கு. பீப்பாயோட உள்பக்கத்தைத் தீயில சுட்டு எடுப்பாங்க. கூர்மையான மூக்குக்குத்தான் பிடிபடும். சபாஷ்!”

நாங்கள் அவரவர் மூக்கை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

“என்னங்க, மூக்குதான் போச்சு, கண்ணுமா போச்சு? வீடெல்லாம் புகை!”

சமையலறைக்கு ஓடினோம். ஜன்னல்களைத் திறந்தோம். ஓவனிலிருந்து கன்னங்கரேலென்று ஒன்று வெளியே வந்தது.

“இது யாருக்கும்மா?” என்றார் மச்சான்.

“உங்களுக்குத்தாண்ணே. நாளைக்கு…” தங்கையின் குரல் உடைந்தது. திராட்சையை ஊறவைத்து, ஆரஞ்சுத்தோலும் பட்டையும் கிராம்பும் போட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது. டாக்டர் சுவரோடு சுவராக நின்றார். காது மடல்வரை சிவந்திருந்தது. விஸ்கி இன்னும் அவர் நாக்கைக்கூடத் தொடவில்லை.

“விடும்மா. எங்க கல்யாணத்தன்னிக்குச் சோறே அடிப்பிடிச்சுப் போச்சு. நாங்க குடும்பம் நடத்தலையா?” மச்சான் கத்தியை எடுத்துக் கரியைச் சீவ ஆரம்பித்தார். உள்ளே மோசமில்லை, வறண்டுதான் போயிருந்தது.

“நனைச்சா சரியாயிடும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போன தங்கை, அந்தப் பாட்டிலோடு திரும்பினார்.

“ஏம்மா, அது ஷெர்ரி பீப்பாயில…” என்று பதறினார் டாக்டர்.

“அதான் மோந்து பாத்தாச்சுல்ல?”

டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை வாங்கித் தன் கையாலேயே ஊற்றினார். பாதிப் பாட்டில் கேக்குக்குள் இறங்கும்வரை நிறுத்தவில்லை. அவரிடம் நான் கண்ட ஒரே வீரச்செயல் அது.

மறுநாள் விருந்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. டாக்டர் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தோம். “நல்லாருக்கும்மா,” என்றார். அவ்வளவுதான். திருந்திவிட்டார் என்று நான் திரும்பினால், மூலையில் ஆடிட்டர் நாலு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, “அவசரப்படாதீங்க. உள்ள போங்க…” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. நீங்கள் விஸ்கி பக்கமே போகாதவர், உங்களுக்குப் பயமில்லை என்கிறீர்களா? ரொம்ப நல்லது. ஆனால் இதைப் படித்து முடித்ததும், ‘பரவாயில்லை, நடுவில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், கடைசியில் லேசாக ஒரு காரம்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும்போது கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.