சகனில் தீட்டிய கத்தி

வயது ஏறினால் மனிதன் பழைய தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடுவான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் மனைவி ஜெமிலா எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறாள். காத்திருக்கட்டும். நான் கத்தி தீட்டினேன், கத்தி கூராயிற்று. அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்?

காரைக்காலில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எதற்காவது நீங்கள் போயிருந்தால் இந்தக் கதையை ஜெமிலா வாயால் கேட்டிருப்பீர்கள். அவள் சொல்வதில் நான் ஒரு கோமாளி. (அவள் நடித்துக் காட்டும்போது நானே சிரித்திருக்கிறேன், அது வேறு விஷயம்.) நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காக நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் போன்ற கடலோர முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் தருமபுரத்திலிருந்து காரைக்கால் டவுனுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் என் மாமியாரும் ஜெமிலாவும் மட்டும். மாமா சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்குக்கூட அவரால் வர முடியவில்லை.

வர முடியவில்லை என்பது மரியாதைக்குச் சொல்வது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம். தன் கடையில் வேலை செய்த ஒரு பையனுக்கு மகளைக் கொடுக்க நினைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். சாக்பீஸ் பிடிக்கிற கை வீட்டுக்கு ஒரு அவசரம் என்றால் எதைப் பிடிக்கும் என்று ஆள் மூலம் கேட்டு அனுப்பினாராம். மாமிதான் ஒற்றைக் காலில் நின்று இந்தச் சம்பந்தத்தை முடித்தார். அதனால் நான் உருப்படாதவன் என்று தெரிந்தால் மானம் கப்பலேறப்போவது எனக்கு மட்டுமல்ல, மாமிக்கும்தான்.

அந்த மாமா கடையை மூடிவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறார் என்று தகவல் வந்தது. பேரளத்திலிருந்து வரும் ரயிலில் வந்து பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். மாமி காலையிலேயே ஒரு சேவலைக் கொல்லையில் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

கோழி அறுப்பது எங்களில் ஆம்பிளை வேலை. நான் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய் அறுத்து வாங்கி வருவார்கள். இப்போது மாப்பிள்ளை என்று ஒருவன் வீட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கும்போது அப்படிப் போனால் தெரு சிரிக்காதா? எனக்கு அறுக்கத் தெரியும். ஆனால் கத்தி கூராக இருந்தாக வேண்டும். பிராணியை இம்சை பண்ணக் கூடாது என்பது மார்க்கத்தில் உள்ளது.

மாமி கொண்டுவந்து கொடுத்த கத்தியைப் பார்த்தேன். கறுப்பு மரப்பிடி போட்ட நீளமான பிரெஞ்சுக் கத்தி. மாமா எந்தக் காலத்திலோ சைகோனிலிருந்து கொண்டுவந்தது. காய், மீன் எல்லாம் அரிவாள்மனையில் நறுக்கிவிடுவதால் மாமி இந்தக் கத்தியை டப்பா மூடி நெம்பவும் தேங்காய் சில்லு தோண்டவும் வைத்திருந்தார். விரலை வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தேன். விரல் சுத்தமாயிற்று.

பக்கத்து வீட்டில் நல்ல கத்தி இருக்கிறது, வாங்கி வரட்டுமா என்று மாமி கேட்டார். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா வரப்போகிற நாளில் இரவல் கத்தியா? நானே தீட்டிக்கொள்கிறேன் என்றேன்.

கொல்லையில் அருமையான துவைகல் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் காரியம் முடிந்தது. ஆனால் அறுக்கப்போகிற பிராணியின் கண்ணுக்கு முன்னால் கத்தி தீட்டக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மாமியோ சேவலைத் துவைகல்லுக்குப் பக்கத்துத் தென்னையில்தான் கட்டியிருந்தார். அவிழ்த்து வேறு இடத்தில் கட்டலாம் என்று போனேன். அது என் புறங்கையைக் கொத்திவிட்டது. கூடையைப் போட்டுக் கவிழ்த்தேன். கூடையின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டி என்னையே பார்த்தது. இப்படி ஒரு சேவல் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த முஸ்லிம் கத்தி தீட்டுவான்?

ஆகவே வீட்டுக்குள் வந்தேன். அம்மியைத் தொடப்போனேன். மாமி அம்மிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அப்போதுதான் எங்கள் உம்மா ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் வழவழப்பில்லாமல் சொரசொரவென்று இருக்கும் வளையத்தில் கத்தியைத் தேய்ப்பது ஞாபகம் வந்தது. ஜெமிலா ஒரு டீக்கோப்பை கொடுத்தாள். தேய்த்தேன். கத்தியின் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் கத்தி முழ நீளம், கோப்பையோ உள்ளங்கை அகலம். அது வழுக்கி வழுக்கி ஓடியது.

இந்த இடத்தில்தான் ஜெமிலா கதையை நிறுத்திவிட்டு எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள். நானும் நிறுத்திக் கேட்கிறேன். சின்ன வளையம் இவ்வளவு தீட்டினால் பெரிய வளையம் எவ்வளவு தீட்டும்? கணக்கு வாத்தியாரைக் கேட்டால் வேறு என்ன விடை வரும்?

அலமாரியில் சகன் இருந்தது. விருந்தென்றால் நாங்கள் தனித்தனித் தட்டில் சாப்பிடுவதில்லை, ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். அந்தத் தட்டுதான் சகன். இது நடுவில் நீலமீன் வரைந்த சைகோன் பீங்கான். மாமாவின் சகன். அதைப் பாயில் கவிழ்த்துப்போட்டு, ஜெமிலாவை இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லிவிட்டு இழுத்தேன். என்ன சுகமான தேய்ப்பு! கத்தி முழுசாக வளையத்தில் உட்கார்ந்து வந்தது. கூர் ஏற ஏற எனக்கும் கை அழுத்தம் ஏறியது.

“மச்சான், சகன்லேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு” என்றாள் ஜெமிலா.

கத்தி கூரானால் அப்படித்தான் சத்தம் வரும் என்றேன். சகனைத் திருப்பிப் பார்த்தோம். மீன் முழுசாக இருந்தது.

கடைசியாக நாவிதர் தோலில் தீட்டுவதுபோல ஒரு தீட்டு தீட்டினால் வேலை பூரணமாகும். கைலிக்கு மேலே கட்டுகிற அகலமான தோல் பெல்ட்டு ஒன்றைக் கல்யாணத்துக்கு எங்கள் வாப்பா வாங்கித் தந்திருந்தார். அதைக் கதவுக் கொண்டியில் மாட்டித் தீட்டினேன். கத்தி பெல்ட்டுக்குள் பாதி தூரம் போய்விட்டது. (தோல் தரமில்லை. நாவிதர் கத்தியின் முதுகை முன்னால் விட்டு இழுப்பார், நீங்கள் வாயை முன்னால் விட்டுத் தள்ளினீர்கள் என்பாள் ஜெமிலா. நல்ல தோலுக்கு முதுகென்ன, வாயென்ன?) மிச்சமிருந்த அகலத்தை நம்பி அதையே இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பு. சேவலுக்கே தெரிந்திருக்காது. மாமி கத்தியை வாங்கிப் பார்த்து, கடைக்காரன் கைகூட இப்படி வராது என்றார். கல்யாணத்துக்கப்புறம் அந்த வீட்டில் நான் நிமிர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

மாமா வந்தார். சலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டு என் கையைத்தான் பார்த்தார். பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம், நடுவில் சகன். மாமி நெய்ச்சோற்றைக் குவித்து, அடுப்பிலிருந்து இறக்கிய கொதிப்போடு கோழி ஆணத்தைச் சோற்றின் மேல் ஊற்றினார்.

‘டக்’ என்று ஒரு சத்தம். சகன் நீலமீனின் வயிற்றோடு இரண்டாகப் பிளந்தது. தலை மாமா பக்கம், வால் என் பக்கம். ஆணம் முழுவதும் மாமா மடியை நோக்கிப் போனது. (தரை அந்தப் பக்கம் சரிவு. வீட்டைக் கட்டியது நானில்லை.) மாமா துள்ளி எழுந்தார். நானும் பதறி எழுந்தேன். இடுப்பில் பெல்ட்டு அறுந்தது. கைலி நழுவியதும் படாரென்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

இடது கையால் கைலியைப் பிடித்தாயிற்று. வலது கை சோற்றில் இருந்தது. எழுந்திருக்கவும் முடியாது, சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பிட்டேன்.

மடியில் ஆணம் சொட்ட நின்ற மாமா என்னைப் பார்த்தார். “மாப்ள, கப்பலே முங்குனாலும் நீங்க சோத்த முடிச்சிட்டுதான் கரையேறுவீங்க போலிருக்கு.”

“கத்தி நல்லா வெட்டுச்சு மாமா” என்றேன் நான். ஏன் அதைச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

கத்திக்கும் சகனுக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்க, கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்த ஜெமிலா டீக்கோப்பையிலிருந்து பெல்ட்டுவரை ஒப்பித்தாள். மாமா கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். தனக்குப் பழகிய மொக்கைக் கத்திதானே என்று கட்டைவிரலை அதன் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். ரத்தம் வந்தது. துணி சுற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மாமா கோபம் எனக்குப் பெரிதில்லை. என்னை நம்பிப் புருஷனோடு மல்லுக்கு நின்ற மாமி தலையைக் குனிந்தபடி தரையைத் துடைத்தாரே, அதுதான் தாங்கவில்லை. போகச் சொல்வதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்று பெட்டியில் சட்டைகளை எடுத்து வைத்தேன்.

விடிந்து, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். சுவரில் கண்ணாடி மாட்டி, முகத்தில் சோப்பு நுரையோடு மாமா குந்தியிருந்தார். துணி சுற்றிய கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எதில் என்கிறீர்கள்? உடைந்த சகனில், மீன்தலை இருந்த பாதியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் வளையத்தில்.

என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“தீட்டுற கல்ல கப்பல்லயே விட்டுட்டேன். இது அதவிட நல்லாவே பிடிக்கிது. மாமிக்கிட்ட சொல்லிடாதீங்க, மாப்ள.”

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. செய்யவில்லை. “மாமி, கொஞ்சம் கிணத்தடிக்கு வாங்க” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

மாமி வந்தார். சவரக் கத்தியைப் பார்த்தார், சகனைப் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “நான் பாத்த மாப்பிள்ளை எப்புடி?” என்று கேட்டார்.

மாமா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, “கத்தி கூராத்தான் இருக்கு” என்றார்.

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டேன்.

தலைப் பாதி மாமா மௌத்தாகும்வரை கிணற்றடியில் இருந்தது. வால் பாதி இன்றைக்கும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. குடும்பத்தில் எந்த விருந்தென்றாலும் நான் உட்காருகிற சகனை யாராவது ஒரு பிள்ளை தூக்கி, அடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சோறு போடுவார்கள். ஜெமிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பெல்ட்டு பத்திரமா என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்.

சிரிக்கட்டும். பெருநாள் நெருங்கினால் அதே பிள்ளைகள் ஆளுக்கொரு மொக்கைக் கத்தியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.