இருபது படிகங்களுக்கு நான் ஊட்டிய கரண்ட்

அன்று பரிசோதனை அறையில் இருந்தவர்கள்: எங்கள் சிறு கம்பெனியின் முதலாளி, சூப்பர்வைசர் ரெட்டப்பா சார், ஆர்டர் கொடுக்கலாமா என்று பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர், மாதிரிக்குச் செய்த இருபது ஆசிலேட்டர்கள், சாருக்கு உதவியாளான நான். தப்பி ஓட ஒரே கதவு. அதில் முதலாளி சாய்ந்திருந்தார்.

வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிய ஆரம்பித்த சமயம். திருப்பதியிலிருந்த எங்கள் கம்பெனிக்கு இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பூட்டுதான். எட்டாவதோடு படிப்பை விட்ட நான் மறுபடி சொந்த ஊரான நகரிக்குப் போய் விசைத்தறி முன்னால் நிற்க வேண்டும்.

ரேடியோ மாதிரிக் கருவிகளுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது ஆசிலேட்டர். அதற்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் ஒரே தாளத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும். அதற்காக அதற்கு ஊட்டும் மின்சார அளவுக்கு டிரைவ் என்று பெயர். ரொம்பக் குறைந்தால் சிக்னல் இரைச்சலில் மூழ்கிவிடும். சார் இருபதையும் அளந்து சரியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் நானோ, வோல்டேஜ் குறைந்து தறி மோட்டார் புகைவதைப் பார்த்தே வளர்ந்தவள். (கரண்ட் கம்மி என்றாலே மெயினை அணைக்க ஓடுவேன்.) காலையில் முதல் ஆளாக வந்து, எல்லாவற்றுக்கும் டிரைவ் திருகைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். வெளியூர் போகிற பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கிற மாதிரி.

இன்ஜினியர் முதல் ஆசிலேட்டரை மாட்டினார். திரையில் ஊசிபோல நிற்க வேண்டிய கோடு, அடியில் பாவாடையை விரித்துக்கொண்டு நின்றது.

"கோட்டை விட்டுத் தள்ளிப் பார்த்தா சுத்தமா இருக்கு. கோட்டுக்குப் பக்கத்துலதான் ஒரே இரைச்சல். ஃப்ரீக்வென்சியும் நகருது" என்றார்.

இரண்டாவதும் பாவாடை. மூன்றாவதும்.

ரெட்டப்பா சார் என் பக்கம் திரும்பினார். (என் முகம் எந்த ரகசியத்தையும் வைத்துக்கொள்ளாது.)

"ஏமிம்மா, இன்னா பண்ணே?"

"பத்தாம பூடுமோன்னு பயந்துகினு... கொஞ்சூண்டு டிரைவ் ஏத்தினேன் சார்."

"எத்தினிக்கு?"

"எல்லாத்துக்கும்."

"அய்யோ தேவுடா!"

முதலாளி கதவை விட்டு வந்து நாற்காலியில் சரிந்தார். நான் அழத் தொடங்கினேன். "செத்துப்பூட்சா சார்?"

"சாவல. அளவுக்கு மேல ஆட்டினா படிகமே இரைச்சல் போடும்மா. மூக்கத் தொடச்சிகினு அந்த ஸ்குரூ டிரைவர எடு."

சார் ஒவ்வொன்றாகக் குறைத்தார். படிகங்களின் சூடு ஆறட்டும் என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள். எனக்கு ஒரு பருக்கைகூட இறங்கவில்லை. திரும்பி வந்து மாட்டினால் ஊசி! அடுத்ததும் ஊசி! நான் விட்ட மூச்சில் மேசைக் காகிதமெல்லாம் பறந்திருக்கும்.

"ஏத்தினா என்னாகும், எறக்கினா என்னாகும்னு ரெண்டையும் காட்டிட்டீங்க" என்று சிரித்தபடி இன்ஜினியர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். "துன்னியா? ஸ்வெட்டர் போட்டியா? கதவு சாத்தினியா?" என்று ஒரே நாளில் மூன்றாவது முறை நான் போனில் கூப்பிட்டால், "அம்மா, டிரைவ் ஜாஸ்தியாயிட்ச்சு" என்கிறாள். சிரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான், அடுப்பை அணைத்தாளா என்று கேட்காதது ஞாபகம் வருகிறது.